பதினோரு மல்லாட்டை

"நில்லு" என்றாள் செவ்வந்தி. "அங்கியே நில்லு. உள்ள வெச்ச கால எடு."

தமிழ்மொழி வைத்த காலை எடுத்தாள். மார்கழி மாதம், பொழுது சாய்ந்த நேரம். தோட்டத்துப் பக்கக் கதவுக்கு வெளியே துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றாள். அம்மாவின் கையில் சொம்பு இருந்தது. சொம்பில் இருந்த தண்ணீர் தொட்டியிலிருந்து மொண்டது. விரல் வைத்தாலே குளிரில் பல் தந்தியடிக்கும்.

"எவ தொட்டா?"

"யாரும் தொடலம்மா."

"கபடிதான வெளாண்ட?"

"ஆமா."

"கபடில தொடாம இன்னாடி பண்ணுவீங்க? தூரமா நின்னு வணக்கம் வெச்சிக்குவீங்களா?"

தமிழ்மொழி கல்லின் மேல் கால் மாற்றி நின்றாள். "நான் வேகம்மா. என் பக்கத்துல வரவே முடியாது" என்றாள். அம்மா அவளுடைய கை, கால், கழுத்து எல்லாவற்றையும் கண்ணாலேயே தடவிப் பார்த்தாள். தொட்ட இடம் தோலில் தெரியும் என்பதுபோல் பார்த்தாள். பிறகு நம்பாத முகத்தோடு வழி விட்டாள். சொம்புத் தண்ணீர் முருங்கை மரத்துக்குப் போனது. அந்த மார்கழியில் அந்த மரம் நன்றாகத் தழைத்ததற்கு அந்தப் பொய்தான் காரணம்.

ஊரின் பெயர் வேண்டாம். மணலூர்பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் ஆறாவது நிறுத்தம். மேற்கே ஊர்த்தெரு, கிழக்கே காலனி, நடுவில் அரசுப் பள்ளி. பள்ளிக்கு ஒரே மைதானம். பெண்களுக்கான கபடி அணி மட்டும் இரண்டு, தெருவுக்கு ஒன்று; பயிற்சிக்கு ஒன்றோடொன்று ஆடிக்கொள்ளும். கள்ளக்குறிச்சியில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு ஊருக்கு ஓர் அணிதான் போக முடியும். இரண்டு தெருவிலும் நல்லவர்களைப் பொறுக்கி ஓர் அணி போடலாமே என்று புதிதாக வந்த ஒரு டீச்சர் கேட்டார். அடுத்த மாதம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு தெருவிலும் சொன்னார்கள்.

ஆகவே வருஷா வருஷம் காணும் பொங்கலன்று இரண்டு அணிகளும் மோதும். ஜெயித்தவர்கள் கள்ளக்குறிச்சிக்குப் போவார்கள். ஆட்டம் சமமாக முடிந்தால் போன வருஷம் ஜெயித்தவர்களே போவார்கள் என்று ஒரு விதி உண்டு. அதை உண்டாக்கியவர் விழாக் கமிட்டித் தலைவர் அரங்கநாதன். போன வருஷம் ஜெயித்தது அவருடைய தெரு. அப்படி ஜெயித்துப் போன ஊர்த்தெரு அணி கள்ளக்குறிச்சியில் முதல் ஆட்டத்திலேயே சுருண்டது. பஸ் ஸ்டாண்டு எதிரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குள் வீடு வந்து சேர்ந்தார்கள்.

செவ்வந்தியின் தீட்டுச் சட்டம் அரசாங்கச் சட்டத்தைவிடப் பெரியது. டவுன் பஸ்ஸில் இடித்துக்கொண்டால் தீட்டில்லை, டிக்கெட் எடுத்திருக்கிறோம். ஆசுபத்திரியில் நர்ஸ் தொட்டால் தீட்டில்லை, அது அவசியம். காலனி சாமியம்மாள் அவர்கள் கழனியில் நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்துக் கொடுத்த நெல்லில்தான் செவ்வந்தி பொங்கல் வைத்தாள். அதில் தீட்டில்லை, நெல்லுக்கு உமி இருக்கிறது. ஆனால் அதே சாமியம்மாளின் மகள் நர்மதா கபடியில் தமிழ்மொழியைத் தொட்டால் தீட்டு. தொட்டது ஒன்றுக்கு ஒரு சொம்பு. தமிழ்மொழி காலனிப் பெண்களைத் தொட்டால் என்ன என்று யாரோ ஒருமுறை கேட்டார்கள். அதற்கும் ஒரு சொம்பு போட்டால் தொட்டியில் தண்ணீர் பத்தாது என்பதால், அதைச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டாள்.

அவள் கணவன் சின்னராசு இதில் எதுவும் சொல்வதில்லை. அவருக்கு வீட்டில் ஒரு கருத்து, வெளியில் ஒரு கருத்து என்றெல்லாம் கிடையாது. எங்கேயும் கருத்து கிடையாது.

தமிழ்மொழிக்கு வயது பதினேழு. பன்னிரண்டாவது படிக்கிறாள். மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவளுடைய அம்மா வேறொன்றைக் கேள்விப்பட்டிருந்தாள். திருக்கோவிலூரில் இருக்கும் தன் அண்ணன் மகன் ஜெயப்பிரகாஷ் செல்போன் கடை வைத்துவிட்டான் என்பது அது. போகியன்று செவ்வந்தி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஜெயிச்சன்னா கள்ளக்குறிச்சிக்குப் போ, காலேஜுக்குப் போ, எங்கியோ போ. தோத்துட்டு வந்தின்னா தை மாசத்துலியே எங்கண்ணன் வூட்ல பேசி முடிச்சிடுவேன். அப்புறம் கபடி கிபடின்னுகினு இருக்கக் கூடாது."

செவ்வந்தி சொன்னால் சொன்னதுதான். அவளிடம் ஆயிரம் குறை இருக்கலாம், பொய் மட்டும் வாயில் வராது. தன் மகளுக்கும் வராது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் கரியாலூரிலிருந்து வந்தார். பெயர் செல்லன், மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் ஆள் பிடித்தாலும் ஒரு தெருவுக்குச் சொந்தமாகவோ இன்னொரு தெருவுக்குப் பகையாகவோ இருந்தார். இரண்டும் இல்லாத ஆள் வேண்டுமென்றால் கல்வராயன் மலை ஏறவேண்டியிருந்தது. இரண்டு பஸ் மாறி, கழுத்தில் விசிலோடு செல்லன் வந்து இறங்கியதும் அரங்கநாதனுக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்தது. மலைக்காரருக்கு எந்த டம்ளரில் டீ கொடுப்பது? இரண்டு பேரைத் தனியே கூப்பிட்டு யோசனை கேட்டார். ஒருவர் எவர்சில்வர் என்றார், ஒருவர் வேண்டாம் என்றார். கடைசியில் கடையிலிருந்து பேப்பர் கப் வாங்கிவரச் சொன்னார்கள். ஒரு முடிவும் எடுக்காமல் மரியாதை செய்ய இப்படி ஒரு பொருளைக் கண்டுபிடித்தவனை அரங்கநாதன் மனதுக்குள் வாழ்த்தினார். செல்லன் டீயைக் குடித்துவிட்டு, இது எவ்வளவு நேரம் யோசித்துப் போட்ட டீ என்று தெரிந்தவர்போல் கப்பைக் கசக்கிப் போட்டார்.

ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணிகளையும் நிறுத்தி அவர் ஒன்றே ஒன்று சொன்னார். நான் பார்த்ததை நான் சொல்வேன். நான் பார்க்காததைத் தொடப்பட்டவரிடம் கேட்பேன். அவர் கை தூக்கினால் அவுட், தூக்காவிட்டால் இல்லை. மலையில் அப்படித்தான் ஆடுகிறோம்.

செவ்வந்தி அதுவரை கபடியைப் பார்த்ததே இல்லை. மகள் அவ்வளவு வேகம் என்கிறாளே, பார்க்கலாம் என்று வேப்பமரத்தடியில் பெண்களோடு வந்து உட்கார்ந்தாள். மடியில் வறுத்த மல்லாட்டை. பட்டணத்தில் வேர்க்கடலை என்பார்கள். பாயிண்டு, போனஸ், லோனா எதுவும் அவளுக்குப் புரியவில்லை. யார் ஜெயிக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டுக்கொண்டாள். அவள் கண் ஒரே ஒரு விஷயத்தில்தான் இருந்தது. காலனிப் பெண் ஒருத்தியின் கை தன் மகள் மேல் படும்போதெல்லாம் மடியிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து எதிரே தரையில் வைத்தாள். சாயங்காலம் எத்தனை சொம்பு என்று தெரியவேண்டுமே.

ஆக, முந்நூறு பேர் கூடிய அந்த மைதானத்தில் மற்றவர்கள் எல்லோரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். தொடுவதை மட்டும் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

ஆட்டம் நன்றாகவே இருந்தது. தமிழ்மொழி பாடிப் போனால் ஒருத்தியையாவது தொட்டுவிட்டுத் திரும்பினாள். நர்மதா பாடி வந்தால் ஊர்த்தெரு அணி பின்கோடு வரை ஒதுங்கியது. பின்கோட்டில் நின்ற சில பெண்கள் பயத்தில் ஒதுங்கினார்கள். சிலர் வீட்டில் காத்திருக்கும் சொம்பை நினைத்து ஒதுங்கினார்கள். காலனி அணிக்கு அதனால் சுலபமாகச் சில பாயிண்டுகள் கிடைத்தன.

கடைசி நிமிஷத்தில் இருபத்துநாலுக்கு இருபத்துநாலு. கடைசி ரைடு நர்மதாவுடையது. தொட்டால் காலனிக்கு வெற்றி. தொடாவிட்டால் சமம், அரங்கநாதன் விதிப்படி ஊர்த்தெரு போகும்.

நர்மதா கோட்டைத் தாண்டி வந்தாள். ஒல்லியான உடம்பு, நீளமான கை. வலப்பக்கம் போவதுபோல் போய் இடப்பக்கம் பாய்ந்தாள். அந்த நேரத்தில் மைதானத்தின் ஓரமாக யாரோ அலங்காரம் செய்த மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். கொம்பில் கட்டியிருந்த பலூன் வெடித்தது. மாடு துள்ளியது. ஜனம் கத்தியது. செல்லன் ஒரு நொடி திரும்பினார். அவர் மறுபடி பார்த்தபோது நர்மதா தன் பக்கத்துக்குப் போய், தொட்டுவிட்டேன் என்று கை தூக்கி நின்றுகொண்டிருந்தாள்.

"யாரத் தொட்டம்மா?"

"தமிழ.  எடது மணிக்கட்டுல."

செல்லன் தமிழ்மொழியிடம் வந்தார். "பாப்பா, தொட்டாங்களா?"

தமிழ்மொழி யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலம் துவைக்கிற கல்லின் மேல் நின்று சொல்லிச் சொல்லி வழக்கமாகிப்போன வார்த்தை, கேள்வி கேட்டதும் தானே வந்து விழுந்தது.

"யாரும் தொடலங்க."

ஊர்த்தெருக்காரர்கள் விசிலடித்தார்கள். அரங்கநாதன் துண்டை எடுத்து மேலே வீசினார். அது கீழே வருவதற்குள் வேப்பமரத்தடியிலிருந்து செவ்வந்தி எழுந்து மைதானத்துக்குள் வந்துவிட்டாள்.

"இன்னாடி பொய் சொல்ற? தொட்டாளே. நான் பாத்தேன்."

துண்டு அரங்கநாதன் தலையிலேயே விழுந்தது. அவர் அதை எடுக்காமலே, "செவ்வந்தி, நீ போய் உக்காரு" என்றார்.

"இன்னா மாமா உக்காரு? நாலு வெரலும் பட்டுது. மணிக்கட்டுல பட்டு முழங்கை வரிக்கும் வந்துது. இது மட்டுமா? வந்து பாருங்க." அவள் வேப்பமரத்தடியைக் காட்டினாள். "பதினொண்ணு வெச்சிருக்கிறேன்."

செல்லன் போய்ப் பார்த்தார். தரையில் வரிசையாகப் பதினோரு மல்லாட்டை இருந்தது. ஒவ்வொன்றையும் காட்டி செவ்வந்தி விவரம் சொன்னாள். இது கணுக்கால், இது தோள், இது நாலு பேர் மேலே விழுந்து அமுக்கியது, நாலு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான் போட்டேன், பாவம். செல்லன் தன் நோட்டைப் புரட்டினார். அவர் குறிப்புப்படி தமிழ்மொழி பிடிபட்டதும் தொடப்பட்டதும் ஏழு முறை. மீதி நாலு மல்லாட்டையை அவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் விசில் ஊதியவர். இவ்வளவு நல்ல நடுவரை இதுவரை அவர் பார்த்ததில்லை.

அரங்கநாதன் செவ்வந்தியை ஓரமாகக் கூட்டிப்போய் விளக்கினார். தொட்டார்கள் என்றால் தோற்றுப்போவோம், தொடவில்லை என்றால் ஜெயித்தோம். தொடவில்லை என்று சொல்லிவிட்டுப் போ. செவ்வந்திக்கு இது பிடிபடவில்லை. தொட்டதைத் தொடவில்லை என்றால் அந்தத் தீட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"அப்பிடின்னா தண்ணி ஊத்தாம வூட்டுக்குள்ள வுட்டுக்கிட்டுமா? நீங்களே சொல்லுங்க மாமா. நாளைக்கு யாரும் என்ன ஒண்ணும் கேக்கக் கூடாது."

"தாராளமா வுட்டுக்கோ."

"மத்த ஆறு பொண்ணுங்களுக்கும் வேணாமா?"

அரங்கநாதன் சுற்றிலும் பார்த்தார். ஊர்த்தெருவின் பெரிய மனிதர்கள் எல்லோரும் கள்ளக்குறிச்சியை நினைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தார்.

"எதுக்கு வேணும்? இன்னைக்கு நம்ம பொண்ணுங்க யாரையும் யாரும் தொடல."

செல்லன் நோட்டை மூடினார். மரியாதையாகவே சொன்னார்:

"அப்ப காலனிக்கு ஒரு பாயிண்டுகூட வந்திருக்காதுங்களே. நீங்களும் அவங்களத் தொடலன்னு சொல்லிட்டீங்கன்னா சைபருக்கு சைபர்னு எழுதிட்டு நான் பஸ்ஸப் புடிச்சிடுவேன்."

காலனிப் பக்கம் முதலில் சிரித்தது. பிறகு ஊர்த்தெருப் பக்கத்திலும் பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். யார் என்று அரங்கநாதன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

செல்லன் சிரிக்கவில்லை. வெளியில் இருப்பவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது, அது மல்லாட்டை வைத்துச் சொன்னாலும் சரி, துண்டு வீசிச் சொன்னாலும் சரி என்றார். தொடப்பட்டவர்தான் சொல்லவேண்டும். ஒரே ஒரு முறை திரும்பக் கேட்கிறேன், நிதானமாகச் சொல்லட்டும் என்று தமிழ்மொழியைக் கோட்டருகே நிறுத்தினார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் நர்மதா நின்றாள். இரண்டு பேரும் ஆறாவதிலிருந்து ஒரே வகுப்பு. தமிழ்மொழி தலையைக் குனிந்திருந்தாள். நர்மதா மெதுவாகத்தான் பேசினாள்.

"ஸ்கூல்ல என் டிபன்ல கை வுட்டு எடுத்துத் தின்னுட்டு, வூட்ல போயி தொடலன்னு சொல்ற. தெரியும். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. உண்மையச் சொன்னா குளுர்ல நின்னு நீதான தண்ணி வாங்கணும்." காலால் கோட்டைக் காட்டினாள். "இங்க மட்டும் சொல்லாத தமிழு. எல்லா எடத்துலியும் நான் தொட்டா அது தப்பு. இங்க ஒரு எடத்துலதான் நான் தொட்டா பாயிண்டு."

தமிழ்மொழி தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. நாலு விரல் பட்டதற்கு அடையாளமே இல்லை. கை தூக்கினால் தை மாதத்துக்குள் திருக்கோவிலூர் செல்போன் கடை. தூக்காவிட்டால் கள்ளக்குறிச்சி. ஜனக்கூட்டத்தில் தன் அம்மாவைத் தேடினாள். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லடி என்று நின்றுகொண்டிருந்தாள். எதற்காகச் சொல்லச் சொல்கிறாள் என்பதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் அவளைத் தவிர வேறு யாரும் உண்மையைச் சொல்லச் சொல்லவில்லை என்பதும் வெட்கமாகத்தான் இருந்தது.

கையைத் தூக்கினாள்.

"தொட்டா சார். முன்னாடியும் மூணு தரம் தொட்டா. நான் சொல்லல."

யாரும் சொல்லாமலே கோட்டைத் தாண்டி, அவுட்டானவர்கள் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். முடிந்ததுக்கு விசில் கிடையாது, கடைசியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார் செல்லன். இருபத்தைந்துக்கு இருபத்துநாலு என்று நீளமாக ஊதினார்.

"பாத்தீங்களா? நான் சொல்லல?" என்று செவ்வந்தி சுற்றிலும் இருந்தவர்களைப் பெருமையோடு பார்த்தாள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தன் வழக்கு ஜெயித்து ஊர்த்தெரு தோற்றுவிட்டது என்று அவளுக்கு விளங்க அரை நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் மீதி மல்லாட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் செல்லன் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோக வேண்டிய படிவத்தில் ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள். ஏழு பேர் ஆட, இரண்டு பேர் மாற்று. காலனி அணியில் இருந்ததே எட்டுப் பேர். ஒன்பதாவது ஒருத்தி குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தாள். அரங்கநாதனுக்கு முகம் மலர்ந்தது. ஆள் கம்மியென்றால் அணி செல்லாது, அணி செல்லாவிட்டால் போன வருஷ அணியே போகும் என்று இன்னொரு விதியை அங்கேயே உண்டாக்கினார். தமிழ்மொழியிடம் வந்து, நடந்தது நடந்துவிட்டது, சின்னப் பெண், மன்னித்துவிட்டோம், உன் பேரும் இருக்கும், சும்மா வாயை மூடிக்கொண்டு நில் என்றார்.

தமிழ்மொழி எழுந்து நர்மதாவிடம் போனாள்.

"என்ன சேத்துக்குவியா?"

நர்மதா பின்னால் நின்ற தன் அணியைப் பார்த்தாள். ஒருத்தி தோளைக் குலுக்கினாள். இன்னொருத்தி, "நல்லாதான் ஆடுவா. பொய்தான் ஜாஸ்தி" என்றாள்.

"உங்கம்மா தண்ணி ஊத்துவாங்களே" என்றாள் நர்மதா.

"ஊத்தட்டும். மார்கழி போயிட்ச்சி."

பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார் செல்லன். எல்லோரும் செவ்வந்தியைப் பார்த்தார்கள். தோத்துட்டு வந்தால் கபடி கிடையாது என்று சொல்லியிருக்கிறேன், என் சொல் சொல்தான் என்றாள் செவ்வந்தி. செல்லன் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் ஊரின் பெயர் இருந்தது. தெருவுக்குக் கட்டமே இல்லை. இந்த ஊர் ஜெயித்திருக்கிறதுங்க, உங்கள் பெண் ஜெயித்த அணியில் இருக்கிறது, இங்கே தோற்றவர்கள் யார் என்று எழுத எனக்கு இடம் கொடுக்கவில்லை என்றார். பொய் சொல்லத் தெரியாத செவ்வந்தி அந்தத் தாளில் பொய் இருக்கிறதா என்று மேலிருந்து கீழே தேடினாள். கிடைக்கவில்லை.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து சின்னராசு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. செல்லனிடம் பேனா வாங்கி, தாளைத் தன் தொடைமேல் வைத்து, நாற்பத்தெட்டு வயதில் முதன்முதலாகத் தன் கருத்தைத் தெரிவித்தார். முழுப் பெயரையும் எழுதி, இன்ஷியலும் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று போய்விட்டார்.

செல்லன் பஸ்ஸுக்குக் கிளம்பினார். காலனிப் பெண்கள் மைதானத்தில் வரிசையாக நின்று நாளைய பயிற்சி பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். செவ்வந்தி மகளின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவளுக்கு ஒன்று மட்டும் இன்னும் தெளிவாக வேண்டியிருந்தது.

"அங்க போயி, இவளுங்க உன்னத் தொடுவாளுங்களா?"

"இல்லம்மா. ஒரே டீமுல இருக்கிறவங்க தொட மாட்டாங்க" என்றாள் தமிழ்மொழி. "எதிராளி பாடிக்கினு வரும்போது எல்லாரும் கையக் கோத்துக்கினு நிப்போம். வுட்டா தோத்துடுவோம்."

செவ்வந்தி வாயைத் திறந்தாள். தொட்டால் என்ன செய்யவேண்டும் என்று அவள் மாமியார் சொல்லிக்கொடுத்திருந்தாள். கோத்துக்கொண்டால் என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் யோசித்துக்கொண்டே நின்றாள். தமிழ்மொழி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, நர்மதாவுக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் விட்டிருந்த இடத்தில் போய் நின்றாள்.